பிர் கரைவதற்குள்

ஐம்பத்தேழு என்று இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தைந்து என்று இருந்தது. செந்தமிழ்ச்செல்வி, நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டால் கைப்பேசித் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எழுபத்தைந்துதான். கரும்புக்கு மடை திருப்ப வந்தவள், மண்வெட்டியை வரப்பில் குத்தி நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் தன்பாட்டுக்குப் பக்கத்துப் பாத்தியில் ஏறிக்கொண்டிருந்தது.

வடக்கனந்தலில் மற்ற பெண்கள் காலையில் எழுந்தால் தங்கம் என்ன விலை என்று பார்ப்பார்கள். செல்வி பார்ப்பது எத்தியோப்பிய நாட்டுப் பணமான பிர். ஒரு டாலருக்கு எத்தனை பிர் என்பதை அவள் ஒருநாள் விடாமல் பார்த்துவிடுவாள். அதனால் தெருவில் அவளுக்குப் 'பிர்ருக்காரி' என்றே பேர். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அந்த நாட்டு வங்கியில் அவள் குடும்பத்தின் நாலு லட்சம் பிர் மாட்டிக்கொண்டு கிடக்கும்போது, பட்டப்பேருக்கெல்லாம் யார் கோபப்படுவது?

செல்வி பிறந்தது நைனார்பாளையத்தில். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் எடுத்துப் படித்தாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட வருடமே வடக்கனந்தலிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீரமுத்து, ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் டிரில்லர். ஆந்திரா, மகாராஷ்டிரா என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துக்கொண்டு திரிந்தவன். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, கொங்குப் பக்கத்து முதலாளி ஒருவர் எத்தியோப்பியாவில் ஓட்டிக்கொண்டிருந்த போர் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். நிலமும் கரும்பும் ஆலைக்கு வெட்டி அனுப்புவதும் மகளின் படிப்பும் செல்வியின் தலையில் வந்தன. அவள் ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் அதிலேயே ஓடி ஓடிப் பார்த்தாள்.

வீரமுத்துவின் சம்பளத்தில் பாதி கள்ளக்குறிச்சி வங்கிக்கு வந்துவிடும். மீதிப் பாதியை அந்த நாட்டிலேயே பிர்ராகக் கணக்கில் போட்டார்கள். சிக்கல் அந்தப் பாதியில்தான். அங்கே டாலருக்குப் பஞ்சம். ஒரு டாலருக்கு இத்தனை பிர்தான் என்று அரசாங்கம் பிடித்துவைத்திருந்தது. அந்த விலைக்கு டாலர் கேட்டு வங்கி வாசலில் பெரிய வரிசை. மருந்துக்கு, பெட்ரோலுக்கு, உரத்துக்கு என்று கொடுத்தது போக, வெளிநாட்டுத் தொழிலாளியின் சம்பளம் வரிசையின் வாலில் நின்றது.

கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் சாம். கள்ளக்குறிச்சிப் பையன். முதல்முறை அவன் போனில் இதை விளக்கியபோது செல்விக்குத் தலை சுற்றியது.

"இன்னாப்பா சாம், எங்க காசு அந்த பேங்குலதான கீது. கேட்டா குடுக்க மாட்டன்றாங்களா?"

"குடுப்பாங்க அண்ணி. பிர்ரா குடுப்பாங்க. அத வச்சிக்கினு இங்க கடையில பிரெட்டு வாங்கலாம். நாட்ட வுட்டு வெளிய அனுப்பணும்னா டாலரா மாத்தணும். அது அவங்ககிட்ட இல்ல."

"அப்ப உள்ள வர்றதுக்குக் கதவு கீது, வெளிய போறதுக்கு இல்ல?"

"கீது அண்ணி. பூட்டி வச்சிக்கினு கீறாங்க."

கள்ளச் சந்தையில் பாதி விலைக்கு மாற்றித் தர ஆட்கள் இருந்தார்கள். மாட்டினால் ஜெயில். செல்வி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பூட்டு எப்போது திறக்கும் என்று பார்க்க ஆரம்பித்தவள்தான். அந்த நாட்டுச் செய்திகளைப் போனிலேயே மொழிபெயர்த்துப் படித்தாள். எங்கோ பன்னாட்டு நிதியத்தோடு கடன் பேச்சு நடக்கிறது என்றால், இங்கே அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் நிற்பாள்.

இரண்டாயிரத்து இருபத்துநான்காம் ஆண்டு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை அது. வரப்பில் உட்கார்ந்தபடியே சாமைக் கூப்பிட்டாள். அவன் 'அலோ' கூடச் சொல்லவில்லை.

"அவுத்து வுட்டாங்க அண்ணி! இனிமே வெல அரசாங்கம் சொல்றது இல்லையாம். சந்த என்னா சொல்லுதோ அதுதானாம். பேங்குங்களே டாலர வாங்கலாம், விக்கலாம். ஊரே அல்லோலகல்லோலமா கீது!"

"அப்ப நம்ம காசு?"

"வரும் அண்ணி. ஆனா ஒண்ணு. போன வாரம் ஒரு பிர்ரு நம்மூரு ஒன்னர ரூபா கிட்ட. இன்னிக்கு ஒரு ரூவா பத்து பைசா. நாளைக்கு இன்னும் எறங்கும்."

கதவு திறந்துவிட்டது. ஆனால் கதவுக்குள் இருப்பதோ வெயிலில் வைத்த பனிக்கட்டி.

"சந்தோஷப்படறதா அழுவறதா சாம்?"

"ரெண்டும் அப்புறம் பாத்துக்கலாம். அண்ணன் எங்க?"

அண்ணன் மலைமேல் இருந்தான். இரண்டு மாத விடுப்பில் வந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குக் குடிநீருக்காக போர் போடப் போன ஆத்தூர் வண்டியில், டிரில்லருக்குக் காய்ச்சல் என்றதும் இவன் ஏறிப் போய்விட்டான். அந்த ஊரில் டவர் கிடையாது.

வியாழக்கிழமை, மதியச் சோற்றுக்கு உட்காரப்போகும் நேரத்தில் சாம் கூப்பிட்டான். குரலில் மூச்சு வாங்கியது.

"அண்ணி, பேங்குல வெளிநாட்டு ஆளுங்க சம்பளத்துக்குன்னு கொஞ்சம் டாலர் ஒதுக்கிக் கீறாங்க. மொதல்ல வர்றவனுக்கு மொதல்ல. அண்ணன் கையெழுத்துப் போட்ட லெட்டரும் பாஸ்போர்ட்டும் இன்னிக்கே வேணும். இங்க நாலு மணிக்கு மூடிருவாங்க. உங்களுக்கு ஆறர. வெல எம்பதத் தாண்டிக்கினு போவுது. வுட்டா அடுத்த ஒதுக்கீடு திங்கக்கிழமைதான். அதுக்குள்ள எங்க போயி நிக்கும்னு தெரியாது."

கடிதத்தின் வாசகத்தை வாட்சப்பில் அனுப்பினான். செல்வி பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் வீரமுத்துவின் கையெழுத்து, 'வீ' எழுத்தின் கொக்கி மேலே சுழன்று, முடிவில் நீண்ட வாலோடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளின் விரல் மேசைமேல் அந்த வாலைத் தானாகவே இழுத்தது. அச்சு அசலாக அவளால் போட முடியும். ஆலைக் காகிதங்களில் எத்தனை தடவை பார்த்த கையெழுத்து! பேனாவைக் கூட எடுத்துவிட்டாள். அப்புறம் அதைத் தூக்கி எறிந்தாள். வங்கிக்காரன் சந்தேகப்பட்டு ஒருமுறை திருப்பி அனுப்பினால் எல்லாமே போச்சு.

மலைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. சோற்றின்மேல் தட்டைக் கவிழ்த்தாள். சுடிதாரை மாட்டிக்கொண்டு, பள்ளியிலிருந்து வரும் மகளைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை உதைத்தாள். கச்சிராயபாளையத்தில் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டாள். பெட்ரோலை வழிய வழிய நிரப்பினாள். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் ஆடிக் காற்று எதிரே வந்து மோதியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி முக்கியது. "ஏறுடி என் தங்கம், ஏறுடி" என்று வண்டியோடு பேசிக்கொண்டே போனாள். மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்று பின்னுக்கு நகர்ந்து நேரத்தைத் தின்றது. செல்வி ஓரமாக இருந்த மண்ணில் இறங்கி, சறுக்கி, ஏறி, அதைக் கடந்துவிட்டாள். லாரிக்காரன் ஏதோ கத்தினான். அவள் கையை ஆட்டிவிட்டுப் போனாள். பயமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு உற்சாகமாகவும் இருந்தது. கடல் தாண்டி ஒரு நாட்டு மந்திரிகள் பேனாவை எடுத்த வேகத்தில் தன் ஸ்கூட்டி மலையேறுகிறது என்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளிமலை தாண்டி மண் பாதையில் திரும்பியபோதே கம்ப்ரசர் சத்தம் கேட்டது. ஊரே வண்டியைச் சுற்றி நின்றது. துளையிலிருந்து வெள்ளைப் புழுதி பீய்ச்சி அடிக்க, அதற்கு நடுவே தலை முதல் கால் வரை மாவு பூசியது போல வீரமுத்து நெம்புகோலைப் பிடித்து நின்றான். மனைவியைக் கண்டதும் அவன் முகம் செத்துவிட்டது. இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறாள் என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தான்.

"தெறந்துட்டாங்க!" என்று செல்வி கத்தினாள்.

"எத்த?"

"பூட்டு! தெறந்துட்டாங்க!"

"எவன்டீ அவன்? பீரோவயா? நகையெல்லாம் போச்சா?"

"அய்யோ, நம்ம வூடு இல்லீங்க!"

வீரமுத்து கையை உயர்த்திக் காட்ட, கம்ப்ரசர் அடங்கியது. திடீரென்று வந்த அமைதியில் செல்வியின் குரல் மட்டும் மலை முழுக்கக் கேட்டது.

"எத்தியோப்பியாக்காரன் தெறந்துட்டான்!"

ஊர் மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரமுத்து அவளைத் தனியே ஒரு கடுக்காய் மரத்தடிக்கு இழுத்துப் போனான். செல்வி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் முகத்தில் மலர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தவளுக்கு ஏமாற்றம்தான். அவன் கணக்குப் போட்டான்.

"ஒன்னர ரூபா இருந்திச்சி. இப்ப ஒரு ரூபாதான்றாங்களா? ஒரு லட்சத்துக்கு மேல போச்சே செல்வி! ரெண்டு வருசம் புழுதி தின்னேன். வாணாம். இப்ப எடுத்தா நஷ்டம். கொஞ்ச நாள் பொறுத்தா திரும்ப ஏறும்."

"எறங்கினா?"

"ஏறும்னு மனசு சொல்லுது."

"உங்க மனசு பாறைக்கு அடியில தண்ணி கீதுன்னு சொன்னா நான் நம்பறேன். இதுல நம்ப மாட்டேன்." செல்வி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். புழுதி அவள் கையிலும் ஒட்டியது. "ஒன்னர ரூபான்னு சொன்னதெல்லாம் சொவத்துல எழுதி வச்ச வெலதாங்க. அந்த வெலைக்கு உங்களுக்கு ஒரு டாலர் எவனாச்சும் குடுத்தானா? வராத காசுக்கு எவ்ளோ வெல சொன்னா இன்னா? இப்ப ஒரு ரூபாயா ஆனாலும் அது வருது. கையில வருது."

வீரமுத்து துளை போட்டுக்கொண்டிருந்த இடத்தையே பார்த்தான்.

"சரி, எடுத்துடலாம். ஏறுனாகூட நான் உன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டேன்," என்றான் கடைசியில்.

"எறங்குனாகூட நான் பீத்திக்க மாட்டேன்," என்றாள் செல்வி.

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அடுத்த வேதனை கையெழுத்து. நாளெல்லாம் நெம்புகோல் அதிர்ந்த கை, பேனாவைப் பிடித்ததும் தந்தியடித்தது. முதல் கடிதத்தில் வீயின் கொக்கி கோழி கிளறியதுபோல வந்தது. நல்லவேளை, செல்வி மூன்று பிரதி எடுத்து வந்திருந்தாள். ஊர்ப் பெண் ஒருத்தி சொம்பில் தண்ணீரும் ஒரு பலகையும் கொண்டுவந்து கொடுத்தாள். வீரமுத்து முழங்கை வரை கழுவினான். கையை உதறினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாறையில் முதல் துளை வைப்பதுபோல அவ்வளவு கவனமாகப் போட்டான். கொக்கி சுழன்றது. வால் நீண்டது. சுற்றி நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே "ஆங்!" என்றார்கள்.

மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. டவர் கிடைக்கிற இடம் எது என்று கேட்டாள் செல்வி. முனியன் என்ற விவசாயி, தான் அந்தப் பக்கம்தான் போவதாகச் சொல்லி ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். கரியாலூர்ப் பாதையில் ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னார். அங்கே ஏற்கெனவே ஐந்தாறு பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடுக்காய் விலை கேட்டார். ஒருத்தி மகனைத் திட்டினாள்.

"அந்தக் கல்லு மேல ஏறி நில்லும்மா. கையத் தூக்கிப் புடி. அங்கதான் நல்லா வரும்," என்றார் முனியன்.

செல்வி கல்லின்மேல் ஏறினாள். கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பினாள். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. போய்ச் சேர்ந்தது. உடனே சாம் பேசினான்.

"அண்ணி, காத்துல பேப்பர் மடங்கிக்கிச்சி. பாஸ்போர்ட் நம்பர் தெரியல. நேரா எடுத்து அனுப்புங்க. நான் பேங்கு கௌண்டர் முன்னாடிதான் நின்னுக்கினு கீறேன். பின்னாடி ஆளு நிக்குது!"

ஆடிக் காற்று காகிதத்தைப் பிடுங்கியது. செல்வி கல்லிலிருந்து இறங்கி, "அய்யா, ஒரு கை புடிங்க!" என்றாள். முனியன் ஒரு மூலையைப் பிடித்தார். மகனைத் திட்டிக்கொண்டிருந்தவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொரு மூலையைப் பிடித்தாள். கடுக்காய்க்காரர் காற்றுக்கு மறைவாக வேட்டியை விரித்துக்கொண்டு நின்றார். பாறைமேல் விரித்த அந்தக் காகிதத்தையும் பாஸ்போர்ட்டையும் செல்வி நேர் மேலே நின்று படம் எடுத்தாள். மறுபடி கல்மேல் ஏறிக் கையைத் தூக்கினாள். நீலக் குறி விழுந்தது.

பிறகு ஒன்றும் வரவில்லை. கடுக்காய்க்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னாம்மா விஷயம், கோர்ட்டு கேஸா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. வேற நாட்டுல இருந்து காசு வரணும்."

"எவ்ளோ தூரம்?"

"கடலுக்கு அந்தாண்ட."

"அப்ப நேரமாவும்," என்றார் அவர், பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல. யாரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கீழே தொலைவில் அணைத் தண்ணீர் வெயிலில் மினுங்கியது.

போன் அதிர்ந்தது. சாம் எழுதவில்லை, படம் அனுப்பியிருந்தான். அங்கே அச்செடுத்த கடிதத்தின்மேல் வங்கியின் முத்திரை. அதன் கீழே அவன் குரல்: "வாங்கிட்டாங்க அண்ணி! சீல் குத்திட்டாங்க!"

செல்வி கல்லின்மேல் நின்றபடியே இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு கத்துக் கத்தினாள். முனியனும் மற்றவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அடுத்த வாரத்தில் பணம் வந்தது. கள்ளக்குறிச்சி வங்கியிலிருந்து கூப்பிட்டு என்ன பணம் என்று கேட்டார்கள். "எங்க வூட்டுக்காரர் சம்பளம் சார்" என்றாள். சிறிது நேரத்தில் குறுஞ்செய்தி. பிடித்தம் போக நாலு லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு பிர்ருக்கு ஒரு ரூபாயும் சில காசும் கிடைத்திருந்தது. ஆடி முடிவதற்குள் பிர் எண்பது பைசாவுக்கு இறங்கிவிட்டது. திரும்ப ஏறும் என்று காத்திருந்த கூட்டாளிகள் இருவர் வீரமுத்துவுக்குப் போன் செய்து புலம்பினார்கள். செல்வி வாக்குக் கொடுத்தபடி பீற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்குக் கறி எடுத்து வரச் சொன்னாள். வீரமுத்துவும் எதற்கென்று கேட்கவில்லை.

மலையில் போட்ட போரில் நல்ல தண்ணீர் விழுந்ததைச் சொல்லிச் சொல்லி அவன் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, கம்பெனி மேலாளர் கூப்பிட்டார். எப்போது திரும்பி வருகிறாய் என்று கேட்டார். வீரமுத்து போனை ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் வைத்தான். செல்வி குனிந்து பேசினாள்.

"சார், வணக்கம். நான் வீரமுத்து சம்சாரம் பேசறேன். இந்தத் தடவ சம்பளம் முழுசும் டாலர் கணக்குல, இங்க கள்ளக்குறிச்சியிலயே போட்டுடுங்க. சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் அந்த ஊரு காசு குடுத்தா போதும்."

"இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சேம்மா. அங்கதான் ஃப்ரீயா வுட்டுட்டாங்களே" என்றார் மேலாளர்.

"ஃப்ரீயா வுட்டது நல்லதுதான் சார். ஆனா தெறந்தவங்க திரும்ப மூடமாட்டாங்கன்னு இன்னா நிச்சயம்? வெல தெனமும் ஆடுது. உங்களுக்கு அங்கயும் கணக்கு கீது, இங்கயும் கீது. நீங்க தாங்கலாம். எங்களுக்கு ரெண்டு ஏக்கர் கரும்புதான் சார் கீது."

மேலாளர் முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். முழுசும் முடியாது, முக்கால் பங்கு இங்கே, கால் பங்கு அங்கே. அந்தக் கால் பங்கையும் டாலர் கணக்கில் எழுதி, கொடுக்கிற மாதத்து விலைக்குப் பிர்ராகத் தருவோம் என்றார். செல்வி வீரமுத்துவைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

"சரிங்க சார். அத எழுத்துல குடுத்துடுங்க."

போனை அணைத்ததும் வீரமுத்து அவளை வியப்போடு பார்த்தான். "பயமா இல்லியா உனக்கு? வேலையே இல்லன்னு சொல்லியிருந்தா?"

"இருந்திச்சி. இங்க பாருங்க." செல்வி கையை நீட்டிக் காட்டினாள். மலைமேல் அவன் கை நடுங்கியதைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அந்த ஒப்பந்தம் வீரமுத்துவோடு நிற்கவில்லை. சின்னசேலம் பக்கத்திலிருந்து போயிருந்த மற்ற டிரில்லர்களின் மனைவிகள் செல்வியின் எண்ணை வாங்கிப் பேசினார்கள். அவர்களும் அதையே கேட்டார்கள். கம்பெனி எல்லோருக்கும் அப்படியே மாற்றிக் கொடுத்தது. புரட்டாசியில் வீரமுத்து விமானம் ஏறினான். வழியனுப்பிவிட்டுச் சென்னையிலிருந்து திரும்பிய பேருந்தில், பக்கத்து இருக்கையில் தூங்கிப்போன மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடுத்த வருடம் தான் அஞ்சல்வழியில் பி.காம் சேர எவ்வளவு ஆகும் என்று செல்வி போனில் விசாரித்துக்கொண்டு வந்தாள்.